கண்ணாடி முன்னால் இருபத்தொரு நாள்

மேடையில் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அசையாமல் இருந்தால் தெரியாது. அசையாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். பதினோரு வருஷமாக இதே மாதிரி மேடைகளில் முழங்காலைச் சேர்த்து வைத்து, இரண்டு கைகளையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மேல் கை கீழ்க் கையை இறுக்கிப் பிடித்திருப்பது எந்த ஊரிலும் யாருக்கும் தெரிந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் பேனர். திரும்பிப் பார்க்காமலே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன், தன்னம்பிக்கையும் நற்பண்பும், சிறப்புரை வாழ்வியல் பயிற்றுநர் சாந்தாமணி லோகநாதன், பக்கத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய என் படம், சிரித்துக்கொண்டு. கீழே நானூறு பெண் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறாம் வகுப்பு முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு சுவரோரம், பெரிய பிள்ளைகளின் முகத்தில் இப்போதே களைப்பு. காலை பத்தரைக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்துவிட்டது. தலைமையாசிரியை பேசுகிறார், நம் பள்ளி என்கிறார், மாணவச் செல்வங்கள் என்கிறார், ஒவ்வொரு வாக்கியமும் காதருகே வந்து நழுவிப் போகிறது. பேச எழுவதற்கு முன்னால் வயிற்றில் ஒரு கல் இறங்கும், எப்போதும் இறங்கும், அது இறங்காத நாள் ஒன்று கூட இல்லை, ஆனால் கேட்கிறவர்களிடம் பயம் என்பது நாம் கதவைத் திறந்துவிட்டால்தான் உள்ளே வரும் என்று சொல்வேன், சொல்லும்போது வலது கையால் கதவைச் சாத்துகிற மாதிரி காட்டுவேன். அந்த இடத்தில் பிள்ளைகளும் கையால் கதவைச் சாத்திக் காட்டுவார்கள். இன்றைக்கு அந்தக் கல் வேறு மாதிரி இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது என் மகள் தன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள், அம்மா, இன்னிக்கு என்னப் பத்திச் சொல்லாத. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல மாட்டேன் கண்ணு என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை, பால்காரருக்குப் பதில் சொல்கிற மாதிரி.

அவள் பெயர் இளவேனில், வீட்டில் வேனில். நான் தமிழ் டீச்சராக இருந்தபோது பிறந்தவள், அதனால் அந்தப் பெயர். இருபத்தைந்து வயது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தாள். பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை கோபி பஸ் ஸ்டாண்டில் ஒற்றைப் பையோடு இறங்கி, அப்பாவுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்கப்பா என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்ன நடந்தது என்று எனக்கு அவர் மூலமாகத்தான் தெரியும், அதுவும் துண்டு துண்டாக. திங்கட்கிழமைதோறும் அங்கே கூட்டம் நடக்குமாம், அந்த வாரம் செய்த வேலையை எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். இரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறாள், நன்றாகச் சொல்கிறாய் என்று பாராட்டி ஒரு கண்ணாடிக் கேடயம் கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை எழுந்து நின்றவளுக்கு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தாள், வரவில்லை, சிரித்தாள், சிரித்துக்கொண்டே நின்றாள், எல்லாரும் முதலில் அவள் ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று சிரித்தார்களாம். பிறகு வெளியே போய் மாடிப்படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதோடு வேலைக்குப் போகவில்லை. ஈரோட்டு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், நாளாகும் என்றார், அவசரப்படுத்தாதீங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார், ஏன் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். பக்கத்து வீட்டில் கேட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் என்று சொல்கிறேன். கதவு உள்ளே தாழிட்டிருக்கும். என் வீட்டுக்காரர் லோகநாதன் மட்டும் காலையில் மின்வாரிய ஆபீசுக்குப் போகுமுன் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இப்போது லீவு போட்டுவிட்டு முழுநாளும் அங்கேயே உட்காருகிறார். வாயைத் திறக்க மாட்டார். சரியாயிரும் என்று கூடச் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரத்தில் தாழ் விலகும் சத்தம் கேட்கும், டம்ளர் வெளியே வரும், அவர் எடுத்துப் போய்க் கழுவி வைப்பார். நான் நின்றால் தாழ் விலகாது. நான் ஊருக்கெல்லாம் பேசுகிறவள். வேனில், எந்திரிச்சு குளிச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் மொட்டை மாடிக்கு வா கண்ணு, காத்து வாங்கினா மனசு தெளியும், உன்னால முடியும் என்று ஒரு நாள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று சொன்னேன். உன்னால முடியும் என்று சொன்னதும் உள்ளே ஏதோ சுவரில் பட்டு விழுந்தது. டம்ளராக இருக்கும்.

தலைமையாசிரியை இன்னும் பேசுகிறார். நம் சிறப்பு விருந்தினர் நாலாயிரம் மேடை கண்டவர் என்கிறார், எங்கிருந்து எடுத்தார் அந்தக் கணக்கை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பதினெட்டு வருஷத்தில் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தடவை கூட வாய் திறந்தவள் இல்லை. எங்கப்பா எனக்கு வைத்த பெயர் ஊமச்சி. ஊமச்சிக்கு ஒரு காப்பி குடுங்க, ஊமச்சியக் கூப்பிடு, விருந்தாளிகள் முன்னால் கூட அப்படித்தான். என் பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வரக் கூடாது என்று நினைத்தேன், அது தப்பா, அந்த நினைப்பில் என்ன தப்பு இருக்கிறது, ஆனால் அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. வேனில் எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் நின்று, நான்கு வரி சொல்லி, மறந்து, அழுதாள். ஒன்பதாம் வகுப்பில் அதே மேடையில் முதல் பரிசு. அந்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா எழுந்து, உங்க பொண்ணு எப்பிடிங்க டீச்சர் இப்பிடி மாறுனா, கொஞ்சம் சொல்லுங்க என்று கேட்டார். நான் எழுந்தேன். என்னைப் பற்றி என்றால் ஒரு வார்த்தை வந்திருக்காது, மகளைப் பற்றி என்பதால் வந்தது. இரண்டு நிமிஷம் பேசினேன். கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு கூட்டம் கை தட்டியது, அந்தச் சத்தம் நெற்றியில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது, வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பக்கத்துப் பள்ளியில் கூப்பிட்டார்கள், அப்புறம் மில்லில், கூட்டுறவுச் சங்கத்தில், மகளிர் குழுவில். எங்கே போனாலும் அந்தக் கதை. மில்லில் வேலை செய்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். ஒரு தடவை நம்பியூர்ப் பக்கம் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் மட்டும் கையைத் தூக்கி, நம்பிக்கையெல்லாம் எனக்கு நெறையா இருக்குதுங்க அம்மணி, கெணத்துல தண்ணிதானுங்க இல்ல என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அதற்கும் ஒரு பதில் சொன்னேன், அதற்கும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. கையை மடித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், கோபம் எதுவும் இல்லை, பாவம் இந்தப் பொம்பளை என்கிற மாதிரி.

அந்தக் கதையை நான் சொல்வது இப்படி. வேனில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் திட்டவில்லை. அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். இவளைப் பார், இவளை நீ நம்பு, என்னால் முடியும் என்று சொல் என்றேன். ஒரு நாள், இரண்டு நாள், இருபத்தொரு நாள். இருபத்தொன்றாம் நாள் அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயம் செத்துப்போயிருந்தது. இங்கே நான் நிறுத்துவேன், மூன்று எண்ணுகிற நேரம், அப்போதுதான் கைதட்டல் வரும். திட்டவில்லை என்பது உண்மைதான், நான் திட்டுகிறவள் இல்லை, நான் நிறுத்தி வைக்கிறவள். பள்ளிவிட்டு வந்ததும் யூனிபாரத்தோடு நிற்க வேண்டும். பீரோக் கண்ணாடி, உயரமானது, உச்சியிலிருந்து பாதம் வரை தெரியும். அவளுக்குப் பின்னால் கட்டிலில் நான். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அம்மா எனக்கு வாய் வலிக்குது என்றாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கண்ணாடி மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள், மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம். நான் கோபப்படவில்லை, துணி எடுத்துத் துடைத்தேன், அவள் வாயைக் கழுவிவிட்டேன், தோளைப் பிடித்து மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினேன். இப்பச் சொல்லு என்றேன். கண்ணாடியில் நான் துடைத்த இடம் மங்கலாக இருந்தது, அவள் முகத்தில் பாதி அதற்குள் இருந்தது. அவர் வாசலில் வந்து நின்று, விடு சாந்தா, போதும் என்றார். நீங்க போங்க, உங்களுக்குத் தெரியாது என்றேன். அவர் போய்விட்டார், போயிருக்கக் கூடாது, அதை இன்று வரை அவரும் சொன்னதில்லை நானும் கேட்டதில்லை. பன்னிரண்டாம் நாள்தான் நான் அவளிடம் சொன்னது, சிரிச்சுக்கிட்டே சொல்லு, விட்டுடறேன் என்று. அவள் என்னைப் பார்த்தாள், கண்ணாடிக்குள்ளிருந்து. பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்னால் முடியும் என்றாள். நான் விட்டுவிட்டேன், விளையாடப் போனாள். அன்றைக்குப் பிறகு தினமும் வந்தவுடனே வந்து நின்று சிரித்துச் சொல்லிவிட்டு ஓடிப்போவாள். இரண்டு நிமிஷம் கூட ஆகாது. அந்தச் சிரிப்பில் ஏதோ செத்திருந்தது, அது மட்டும் உண்மை. போன வாரம் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள். குரல் உயரவே இல்லை. நீ எனக்குத் தைரியம் குடுக்கலம்மா, பயம் வெளிய தெரியாம இருக்கறதுக்குக் கத்துக்குடுத்த. அது எங்கயும் போகல. உள்ளதான் இருந்துச்சு. நான் என்ன சொன்னேன். அப்படியெல்லாம் யோசிக்காத கண்ணு என்றேன். அதுதான் என்னிடம் இருந்த வார்த்தை, மேடைக்கு வெளியே எனக்கு வேறு வார்த்தை இல்லை.

வரவேற்புரை வழங்க எட்டாம் வகுப்பு மாணவி சுகப்பிரியாவை அழைக்கிறோம் என்கிறார்கள். குச்சி மாதிரி ஒரு பிள்ளை, எண்ணெய் வழிய வாரின இரட்டைச் சடை, மேடைப் படியில் ஏறும்போதே உதடு அசைகிறது, மனப்பாடம் நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு வருகிறாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே நிற்கிறது, யாரும் இறக்கவில்லை. கற்றறிந்த சான்றோர்களே என்று ஆரம்பிக்கிறாள், நல்ல குரல், என் பெயரைச் சரியாகச் சொல்கிறாள், வாழ்வியல் பயிற்றுநர் என்று சொல்கிறாள், அவர்களை, அவர்களை, என்கிறாள். நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு டீச்சர் வருக வருக என எடுத்துக் கொடுக்கிறார், அவளுக்குக் கேட்கவில்லை. செருப்பில்லாத கால், கால் விரல்கள் மேடைப் பலகையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றன, கிளையில் உட்காரும் குருவியின் கால் மாதிரி. ஏழாம் வகுப்பு வரிசையில் சிரிப்பு ஆரம்பித்து அங்கங்கே பரவுகிறது. இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், தலைமையாசிரியை, டீச்சர்கள், நானூறு பிள்ளைகள், இதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை இறங்கிப் போய் உட்காரச் சொல்லலாம். பக்கத்தில் போய்ச் சும்மா நிற்கலாம், லோகநாதன் மாதிரி. ஆனால் என் உடம்பு ஏற்கெனவே எழுந்துவிட்டது, கைகள் தலைக்கு மேலே போய்த் தட்ட ஆரம்பித்துவிட்டன, நான் கற்றுக்கொடுக்கிற முறை இது, ஒருத்தர் தடுமாறினால் கை தட்டுங்கள், கைதட்டல்தான் மருந்து. கூடம் முழுக்கத் தட்டுகிறது. நான் அவளைப் பார்த்துச் சொல்கிறேன், என் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும், சிரிச்சுக்கிட்டே சொல்லுடா கண்ணு. அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். வருக வருக என வரவேற்கிறோம் என்று சொல்லி முடிக்கிறாள். கைதட்டல் இரண்டு மடங்கு. தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கி, பார்த்தீங்களா மேடம், நீங்க வந்தவுடனேயே என்கிறார். நான் உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பீரோக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்திருக்கிறேன், அப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், சாமிக்கு விளக்குப் போட்டேன்.

என்னை அழைத்துவிட்டார்கள். மைக் முன்னால் நிற்கிறேன். அன்பான பிள்ளைகளே. ஆரம்பித்துவிட்டால் பேச்சு தானாக ஓடும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே கதவைச் சாத்த வேண்டும் என்று வாய்க்கும் கைக்கும் தெரியும், நான் உள்ளே உட்கார்ந்து வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். இன்று வேறு கதை சொல்வேன் என்று பஸ்ஸில் முடிவு செய்துதான் வந்தேன். கால் இல்லாமல் நீச்சல் அடிக்கிறவர் ஒருவர் கதை, பேப்பரில் வந்தது, மூன்று தடவை படித்து வைத்தேன். நேர்மையைப் பற்றிச் சொல்கிறேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான் தன்னை நம்ப முடியும், பிறகுதான் உலகம் அவரை நம்பும் என்கிறேன், பதினோரு வருஷமாகச் சொல்கிற வாக்கியம், இன்று அது வாயிலிருந்து வெளியே வரும்போது நாக்கில் கசந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். நீச்சல்காரர் கதையை எடுத்தேன், இரண்டு வரி சொன்னேன், மூன்றாவது வரியில் அவர் எந்த ஊர் என்பது மறந்துவிட்டது. ஊர் பெயரைத் தேடினேன். இல்லை. எதிரே நானூறு முகம். மின்விசிறிச் சத்தம். அப்பாவின் குரல் கேட்டது, ஊமச்சி, இரண்டு விநாடி இருக்குமா, மூன்று இருக்குமா, எனக்கு அது அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம் மாதிரி இருந்தது, அவள் இதைத்தான் உணர்ந்திருப்பாள், இதே இடத்தில்தான் அவளும் நின்றிருப்பாள் என்று அப்போதுதான் பட்டது, பட்டதும் நான் என்ன செய்தேன். அவளைப் பிடித்து என் முன்னால் நிறுத்திக்கொண்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பில், இதோ நம் சுகப்பிரியாவைப் போலவே, ஒரு மேடையில் நின்று அழுதாள் என்றேன். அதற்குப் பிறகு எதுவும் தடுக்கவில்லை. கண்ணாடி, இருபத்தொரு நாள், சிரிப்பு. மூன்று எண்ணினேன். இந்தப் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்தார். அவள் இன்று சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில், என்று எப்போதும் சேர்க்கிற வாக்கியத்தையும் சேர்த்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

தலைமையாசிரியை அறையில் தேங்காய் பன்னும் காப்பியும் வைத்தார்கள். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன், வியர்வையில் அது கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. காப்பி ஆறிவிட்டது. அவர் யாரோ அழைத்து வெளியே போனபோது வாசலில் சுகப்பிரியா நின்றாள், கையில் நோட்டு, கையெழுத்துக்காக. வா என்றேன். நோட்டை நீட்டினாள், பேனாவைத் திறந்து கொடுத்தாள். எழுதப் போகும்போது, மேடம், ஒண்ணு கேக்கலாங்களா என்றாள். கேளு. உங்க அக்கா, என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டாள், உங்க வீட்டு அக்கா இருக்காங்கல்ல, அவங்களுக்கு இப்ப மேடையில நின்னா பயமே வராதுங்களா. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வராது என்பதுதான் பதில், அது தயாராக நாக்கு நுனியில் இருந்தது, அதைச் சொன்னால் அவள் சந்தோஷமாகப் போவாள், இருபத்தொரு நாள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பாள். எனக்கு வந்துச்சுங்க மேடம் என்றாள் அவள், மெதுவாக, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, நீங்க சிரிக்கச் சொன்னீங்கல்ல, சிரிச்சனுங்க, ஆனா அப்பத்தான் ரொம்ப வந்துச்சு. இப்பவும் கை நடுங்குதுங்க, பாருங்க. நீட்டினாள். சின்னக் கை, நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது. நடுங்கியது. நான் அதைப் பிடித்தேன், என் கையும் நடுங்குவது அவளுக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். அந்த அக்காவுக்கும் பயம் இருக்குதும்மா என்றேன், நான்தான் ஒரு நாளும் அவகிட்டக் கேட்டதில்ல. அவள் தலையை ஆட்டினாள். புரிந்ததா புரியவில்லையா தெரியவில்லை. நீ இன்னிக்கு அழுதிருக்கலாம், அழுதா ஒண்ணும் ஆகியிருக்காது, நான்தான் உன்னைச் சிரிக்கச் சொன்னேன், அது தப்பு என்றேன். ஒரு பெரியவர் தன்னிடம் தப்பு என்று சொன்னதைக் கேட்டு அவள் கூச்சப்பட்டு நெளிந்தாள். மணி அடித்தது. பரவால்லீங்க மேடம் என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள், நான் கையெழுத்துப் போடாமலே.

ஆட்டோவில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார்கள். சிமெண்டுப் பெஞ்சில் பொன்னாடையை மடித்துப் பையில் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எதிரே கரும்புச்சாறு மெஷின் ஓடுகிறது, பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா மடியில் கிடக்கும் குழந்தைக்கு முறுக்கை உடைத்து ஊட்டுகிறாள், எல்லாம் அது அது பாட்டுக்கு நடக்கிறது. வீட்டுக்குப் போய் எப்படிப் போச்சு என்று அவர் கேட்டால் நல்லாப் போச்சு என்று சொல்லலாம். வேனில் கேட்டால் நீச்சல்காரர் கதை சொன்னேன் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான், இரண்டு வரி சொன்னேன். போன மாசம் பவானியில் பேசிவிட்டு வந்தபோதும் என்னப் பத்திச் சொன்னியா என்று கேட்டாள், இல்லை என்றேன். அதற்கு முன்னால் சித்தோட்டில், அப்போதும் இல்லை என்றேன். பிள்ளைகளுக்கு நற்பண்பு சொல்லிவிட்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதல் பொய்யைச் சொல்கிறவள். ஒவ்வொரு தடவையும் அவள் சரி என்பாள், அந்தச் சரியில் நம்பினாளா இல்லையா என்று நான் நின்று கேட்டதில்லை. போனை எடுத்து அவருக்குப் போட்டேன். எடுத்தார். முடிஞ்சுதா என்றார். முடிஞ்சுது, வேனில்கிட்டக் குடுங்க என்றேன். அவள் பதினோரு வாரமாக யாரிடமும் போனில் பேசவில்லை, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டூல் நகரும் சத்தம். கதவு. அம்மா பேசறா என்று அவர் சொல்வது தூரத்தில் கேட்டது, வற்புறுத்தாத குரல், வேண்டாமென்றால் வேண்டாம் என்கிற குரல். பிறகு அவள் மூச்சு. சொன்னியா என்றாள். எடுத்தவுடனே அதுதான் கேட்டாள். இல்லை என்கிற சொல் வாயில் வந்து நின்றது. சொன்னேன் என்றேன். உன்கிட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். பவானியிலயும் சொன்னேன், சித்தோட்டுலயும் சொன்னேன், உன்கிட்ட இல்லேன்னு பொய் சொன்னேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன். கை தட்டினாங்களா என்று கேட்டாள். தட்டினாங்க. ரொம்பவா. ரொம்ப, என்றேன். ஊம் என்றாள். அப்புறம் அவள் அழ ஆரம்பித்தாள். சென்னையிலிருந்து வந்தபோது அழவில்லை, டாக்டரிடம் அழவில்லை, அடக்கி அடக்கி மூக்கால் இழுக்கிற அழுகை, எட்டாம் வகுப்பில் மேடையை விட்டு இறங்கி வந்து என் மடியில் முகத்தை வைத்தபோது அழுத அதே அழுகை. அன்றைக்கு நான் அழுகையை நிறுத்து என்று சொன்னேன், எல்லாரும் பாக்கறாங்க என்று சொன்னேன். இப்போதும் சொல்வதற்கு என்னிடம் ஐந்தாறு வாக்கியம் தயாராக வந்துவிட்டது, அழாத கண்ணு, எல்லாம் மாறும், நீ தைரியசாலி, ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினேன். அவள் அழுதாள். கோபி பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கோபி கோபி என்று கூவிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார், நான் வரவில்லை என்று தலையை ஆட்டினேன், பஸ் கிளம்பிப் போயிற்று. அந்தப் பக்கம் அவள் இன்னும் போனை வைக்கவில்லை.